மனசுக்கும் செயலுக்கும் சம்பந்தமே இல்லையா?

காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "மனிதர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் தொடர்பே இல்லை, 1934-லேயே அமெரிக்க ஆய்வு நிரூபித்துவிட்டது." இது தவறு.

ஆய்வு உண்மைதான். ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியர் ஒரு சீனத் தம்பதியுடன் 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஒரே இடத்தில்தான் மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கடிதத்தில் கேட்டபோது, பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் சீனர்களை ஏற்க மாட்டோம் என்றார்கள். சரி, வாசலில் வரவேற்றவரேதான் பதில் எழுதினார் என்பதற்கு என்ன உறுதி? கேள்வி 'சீனர்கள்' என்று பொதுவாக இருந்தது. நேரில் வந்ததோ நன்றாக உடுத்திய ஒரு தம்பதி, கூடவே வெள்ளைக்காரப் பேராசிரியர். முக்கியமாக, அந்தக் கருத்து நாள்பட நிலைத்ததா என்று யாரும் சோதிக்கவில்லை.

அப்புறம் 2006-ல் கிளாஸ்மன், அல்பராசின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாறாமல் நிற்கிற, சட்டென நினைவுக்கு வருகிற மனப்பான்மை நடத்தையை நன்றாகவே முன்கூட்டிக் காட்டுகிறது. நேரடி அனுபவமும், கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதற்கு வலு சேர்க்கின்றன.

நம் ஊர்ப் பெரிய வீடுகளையே பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் "பூர்வீக வீட்டை விற்கக் கூடாது" என்று ஒருமுறை சொல்லிப் போகிறவர் ஒருவர். வருஷா வருஷம் வந்து, ஒழுகும் ஓடுகளை மாற்றி, பங்காளிகளிடம் அதையே சொல்லிக்கொண்டிருப்பவர் இன்னொருவர். இந்த இரண்டாமவரின் பேச்சையும் வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்க வைக்கிறது அந்தச் செய்தி. அதுதான் எனக்கு வருத்தம்.