மீனை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு

மீன்பிடிப்புக்கு எப்படி உச்சவரம்பு வைப்பது என்ற நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "மீன்வளத்தைப் பற்றிக் கேட்டால் பறவை, திமிங்கிலம் என்று கதை விடுகிறார்கள்" என்று அதில் பேசிய நிபுணர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கூடவே நாலு பேர் சிரித்தார்கள். இருக்கட்டும்.

ஒரு வகை மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போடும்போது, அதைத் தின்று வாழும் உயிர்களுக்கு வேண்டிய பங்கை முதலில் விட்டுவைத்துப் போடுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

1980களின் நடுவில், நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் கேப்லின் என்ற சிறுமீன் அடியோடு குறைந்தது. அதைத் தின்று வாழ்ந்த காட் என்ற பெரிய மீன் தன் இனத்துக் குஞ்சுகளையே தின்றது. சீல்கள் இரை தேடி நார்வே கரைக்கு வந்து வலைகளில் சிக்கின. கடற்பறவைகள் பட்டினியில் செத்தன. நீங்கள் சிரித்த பறவைக் கதை இதுதான் சார்.

"கேப்லின் குறைய மீன்பிடிப்பு மட்டுமா காரணம்? ஹெர்ரிங் என்ற இன்னொரு மீனின் குஞ்சுகள் கேப்லின் குஞ்சுகளைத் தின்றதை ஏன் மறைக்கிறாய்?" என்று ஒருவர் வருவார். ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஹெர்ரிங்கைப் பார்க்காமல் கேப்லினைக் கணக்கிட முடியாது.

அடுத்தது, "நடைமுறைக்கு ஒத்துவராது". அதே பேரன்ட்ஸ் கடலில் காட் மீன் எவ்வளவு கேப்லினைத் தின்னும் என்று கழித்த பிறகுதான் நார்வேயும் ரஷ்யாவும் இன்று கோட்டா போடுகின்றன. அண்டார்டிகாவில், பெங்குவினும் திமிங்கிலமும் தின்னும் இறால் போன்ற சிற்றுயிரான கிரிலைப் பிடிப்பதற்கான உச்சவரம்பை, பிடிப்பே இல்லாத காலத்து இருப்பில் 75 சதவீதமாவது கடலில் மிஞ்சும்படி கணக்கிடுகிறார்கள். பெங்குவினுக்கும் திமிங்கிலத்துக்கும் பங்கு ஒதுக்கியாயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

மீனவர் வயிற்றில் அடிக்கிறோமாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனை மட்டும்தான் எண்ணினார்கள். அதையும் இருப்பதைவிட அதிகமாக எண்ணினார்கள். 1992இல் பிடிப்பையே நிறுத்த வேண்டிவந்து, 30,000 பேருக்கு மேல் வேலை போனது. அங்கே வயிற்றில் அடித்தது யார்?

அப்புறம், "எது எதைத் தின்கிறது என்று தரவு இல்லையே". இதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பு ஓர் ஆய்வகத்தில் மீன்களின் இரைப்பையைக் கிழித்து உள்ளே இருப்பதைப் பிரித்து எழுதுவதுதான் என் வேலை. பாதி செரித்த வால், முள், மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல். அந்தச் செவிக்கல்லின் வடிவத்தை வைத்தே தின்னப்பட்டது எந்த மீன் என்று கண்டுபிடிப்போம். சோப்புப் போட்டாலும் நாற்றம் கையை விட்டுப் போகாது. இறுதி அறிக்கையில் அந்தப் பட்டியலே இல்லை. "நீளமும் எடையும் போதும், இதெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?" என்றார் மேலே இருந்தவர். எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு, தரவு இல்லையே என்று மேடையில் உதட்டைப் பிதுக்கினால் எப்படி?

அந்த நோட்டுகள் எந்த அலமாரியில் கிடக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியும். தரவு வேண்டுமென்றால் சொல்லுங்கள் சார், வழி காட்டுகிறேன்.