கேண்டிட் கேட்கிறீர்களா, அப்படியென்றால் எங்களை வேலை ஏவாதீர்கள்

இப்போது நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணங்களில் வரிசையாக நிறுத்தி எடுக்கும் டிரெடிஷனல் போட்டோவுக்கு ஒரு ரேட், போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிடுக்குத் தனி ரேட். சரி, தொழில். ஆனால் அந்தக் காசுக்குப் போட்டோக்காரர்கள் நாங்கள் என்ன செய்கிறோம்? பொண்ணை ஜன்னலோரம் நிறுத்தி, "கேமராவைப் பாக்காதீங்க, கம்மலைத் தொட்டுக்கிட்டே லேசா சிரிங்க" என்கிறோம். இதுவும் போஸ்தானே?

என்னைக் கேட்டால், கேண்டிட் எடுக்கிறவனுக்கு லென்ஸைவிடக் கல்யாண முறை தெரிந்திருக்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் எல்லாக் கேமராவும் மாப்பிள்ளை கையைப் பார்க்கும். தவில்காரர் ஐயர் கையைப் பார்ப்பார். அவர் குச்சி ஓங்கியதுமே நான் மணவறைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்துப் பக்கம் திரும்பிவிடுவேன். கெட்டிமேளம், குலவை, அட்சதை எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஷட்டர் வேகம் 1/500 நொடி இருந்தால் அட்சதை அந்தரத்தில் நிற்கும், வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்துக் குலவையிடும் ஆச்சியும் கிடைப்பார். தாலி கட்டுவதை டிரெடிஷனல் தம்பி எப்படியும் எடுத்துவிடுவான்.

(அவனை இளக்காரமாகப் பேசும் கேண்டிட்காரர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வரிசையாக நிற்கிற குரூப் போட்டோதான் நாளைக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லும்.)

கேண்டிடுக்குப் பேர்போன பிரெஞ்சு போட்டோக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஜூம் இல்லாத சின்ன 50 எம்.எம். லென்ஸோடுதான் சுற்றினார். ஃபிளாஷ் அவருக்குப் பிடிக்காது. கேமராவின் பளபளப்பு கண்ணில் படக்கூடாதென்று கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். நாம் ஆளுயர எல்.இ.டி. லைட்டை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு "இயல்பா இருங்க" என்கிறோம். கண் கூசுகிற மனுஷன் எப்படி இயல்பாக இருப்பான்?

சமையல் நடக்கிற ஆக்குப்புரைக்குள் அந்த லைட்டைக் கொண்டுவரவே கூடாது. சைவ வீடுகளில் மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைக்கும்போது, கடைசியாகத்தான் தேங்காயின் முதல் பாலை ஊற்றுவார்கள். கொதித்தால் திரிந்துவிடும். அந்த நேரம் சமையல்காரரான தவசிப்பிள்ளை அண்டா மேல் குனிந்து, ஒரு கையால் அடுப்பிலிருந்து விறகை இழுத்துக்கொண்டே, சுற்றி நிற்பவர்களைச் சத்தம் போடாதீங்க என்று முறைப்பார். வெளிச்சம் குறைவான இடத்துக்காகக் கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றி, கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை என்று எடுக்க வேண்டிய முகம் அது.

வீட்டுக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். அட்வான்ஸ் கொடுக்கும்போது நெட்டில் பார்த்த படங்களைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்காதீர்கள். தாய்மாமன் யார், எந்தப் பெரியத்தைக்குக் கோபம் அதிகம், எந்த அண்ணன் தம்பிக்குள் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லுங்கள். பந்தியில் அந்த ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டால், நான் மேடைப் பக்கமே வரமாட்டேன். தேடாதீர்கள்.