போஸ்ட்கார்டு போட்டாலே வழக்கு ஆகிவிடாது
"ஒரு போஸ்ட்கார்டு போட்டால் போதும், சுப்ரீம் கோர்ட் பொதுநல வழக்காக எடுத்தே ஆகணும்" என்று, ஊர் ஏரி ஆக்கிரமிப்புக்கு என்ன செய்வது எனக் கேட்டவருக்கு ஒருவர் சொன்ன பதில் பாதிதான் உண்மை. 1980 சுனில் பத்ரா வழக்கில் சிறைக் கைதியின் கடிதத்தையே மனுவாக ஏற்றார்கள், சரி, ஆனால் 1988-இல் நீதிமன்றமே நெறிமுறைகள் வகுத்து, கொத்தடிமை, சிறைக் கொடுமை, சுற்றுச்சூழல் மாசு மாதிரி சில வகைக் கடிதங்களைத்தான் அப்படி எடுப்போம், வாடகைத் தகராறு, பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டது. உங்கள் ஊர் ஏரி ஆக்கிரமிப்புக்கு டெல்லி எதற்கு? முதலில் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், ஏரி நிலத்தின் சர்வே எண்ணோடு பதிவேட்டு நகலை ஆர்டிஐ-யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) எடுங்கள், அப்புறம் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம். அதிகாரிகளிடம் மனுவே கொடுக்காமல் நீதிமன்றம் போனால் "அதிகாரியிடம் கேட்டீர்களா?" என்றுதான் நீதிபதிகள் முதலில் கேட்பார்கள். சொந்தப் பகையைப் பொதுநலம் என்று கொண்டுபோனால் அபராதமும் விழலாம்.