கருவாடு விற்ற வீட்டுப் பேத்தியும் சாங்கி சென்ட் கடையும்

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது சித்தப்பா ஆரம்பித்தார். "ஏர்போர்ட்ல இருக்கறதெல்லாம் கார்ப்பரேட். குடும்ப வியாபாரம்னா நம்ம லிட்டில் இந்தியா தேக்கா கடைங்கதான்." சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒப்பனைப் பொருள் கவுண்டரில் 19 ஆண்டுகள் நின்றவர் அவர். "உங்களுக்கு யார் சொன்னது? நாங்க வித்ததும் ஒரு குடும்பத்துக் கடையிலதான்."

சித்தி பக்கம்தான் நான். 2014 அக்டோபரில் சாங்கியின் வாசனைத் திரவிய, ஒப்பனைக் கடைகள் நியூயன்ஸ்-வாட்சன் கையிலிருந்து கொரியாவின் ஷில்லாவுக்கு மாறின. ஷில்லா 1979இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டு, 1986இல் தீர்வையற்ற (டியூட்டி ஃப்ரீ) கடைக்குள் இறங்கிய நிறுவனம். அதை 2010 கடைசியிலிருந்து நடத்துபவர் லீ பூ-ஜின். அவருடைய தாத்தா லீ பியுங்-சுல் 1938இல் டேகு நகரில் தொடங்கிய சின்ன வணிகத்தில் விற்றது கருவாடு, காய்கறி, நூடல்ஸ். அந்த வணிகத்தின் பெயர் சாம்சங்! கருவாட்டு வாசத்தில் தொடங்கி மூன்றாம் தலைமுறையில் சென்ட் வாசத்துக்கு வந்த குடும்பம். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பேத்திதானே.

(2020இல் சாங்கியின் மதுபானக் கடைகளை எடுத்த லோட்டே நிறுவனமும் ஒரு குடும்பத்தினுடையதுதான். அவர்கள் தொடங்கியது சூயிங் கம்மில். 1992 முதல் இங்கே சிங்கப்பூரில் கம் விற்கத் தடை இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.)

சித்தப்பா சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தேக்கா கடையை அப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். விமான நிலையக் கடையை அப்படிக் கொடுக்க முடியாது. ஏலக்குத்தகை முடிந்தால் எவ்வளவு பெரிய குடும்பமானாலும் வரிசையில் நிற்க வேண்டும். லோட்டேவுக்கு முன்பு இருந்த டிஎஃப்எஸ் நிறுவனம் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் இருந்துவிட்டு 2020இல்தான் மதுபானக் கடைகளை விட்டுப் போனது. வாடகையும் வேறு கணக்கு. விற்பனையில் ஒரு பங்கு, அதற்கு அடியில் குறைந்தபட்சத் தொகை என்பது பல விமான நிலையங்களில் வழக்கம். கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்தில் பயணிகள் எண்ணிக்கையை வைத்து வாடகை. கொவிட்டுக்குப் பிறகு பயணிகள் திரும்பி வந்தார்கள், வாங்குவது குறைந்துவிட்டது. 2025இல் அங்கே ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதாக ஷில்லா அறிவித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தக் குடும்பத்துக்காக வருத்தப்பட என்னால் முடியவில்லை. நான் நினைப்பது சித்தியைத்தான். முதலாளி மாறிய வாரம் பெயர்ப்பலகை மாறியது, பை மாறியது, கல்லாவில் அழுத்தும் பொத்தான் மாறியது. கவுண்டர் அதே இடத்தில், சித்தி அதே இடத்தில். திருச்சி விமானத்துக்கு முன்பு யார் வருவார், ஒரே சென்டில் எத்தனை புட்டி எடுப்பார், மனைவிக்கு எது, மைத்துனிக்கு எது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். வேறு ஊரில் விமானம் மாறுபவர்களிடம், முத்திரையிட்ட பையை நடுவழியில் பிரிக்காதீர்கள், அங்கே பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்று 2007இலிருந்து சொல்லிச் சொல்லி, வீட்டில் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்தால்கூடக் கத்துவார்.

2019இல் சாங்கி வழியே 68.3 மில்லியன் பயணிகள் போனார்கள். கொவிட் காலத்தில், 2021இல், 3.05 மில்லியன். அந்த ஆண்டுதான் சித்தி வேலையை விட்டார். எந்தக் குடும்பத்தின் வரலாற்றிலும் அது வராது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சித்தப்பா விடவில்லை. "சாம்சங் வீட்டுக் கடைன்னா போன் விலையில எதாவது கழிச்சாங்களா?" சித்தி பதில் சொல்லாமல் தோசையைத் திருப்பப் போய்விட்டார்.