பாரிஸ்–ரூபேயை லாட்டரி என்று சொல்லாதீர்கள்

ஏப்ரல் வந்தால் போதும், சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்கள் நடுவே இந்தப் பேச்சு கிளம்பிவிடும்: "பாரிஸ்–ரூபேயா? சுத்த லாட்டரி. யாருக்குப் பஞ்சர் ஆகவில்லையோ அவர் ஜெயிப்பார்." எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ரோஜர் டி வ்லாமிங்க், டாம் போனன் இருவரும் தலா 4 முறை ஜெயித்திருக்கிறார்கள். மத்யூ வான் டெர் போல் 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று. எந்த லாட்டரி இப்படி ஒரே வீட்டுக்கு விழுகிறது?

பிரான்சில் 1896இல் தொடங்கிய ஒரு நாள் சைக்கிள் பந்தயம், முடிவது ரூபே ஊரில். பெயரில்தான் பாரிஸ், 1977 முதல் கிளம்புவது அதற்கு வடக்கே உள்ள கொம்பியேன் ஊரிலிருந்து. ஏறக்குறைய 260 கி.மீ. தூரத்தில் 55 கி.மீ. வரை கல் பாவிய பண்ணைச் சாலை. டிராக்டர் போய்ப் போய் இரு பக்கமும் அமுங்கி, நடுவில் முதுகு மாதிரி மேடு நிற்கும். விவரம் தெரிந்தவர் அந்த மேட்டை விட்டு இறங்க மாட்டார். ஓரத்து மண் மெத்தென்று ஆசை காட்டும். கூர்க்கல்லும் கண்ணாடிச் சில்லும் ஒதுங்கிக் கிடப்பது அங்கேதான்.

அடுத்தது டயர். காற்று அதிகம் இருந்தால் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும், பிடிமானம் போய்விடும். குறைத்தால் கல்லின் விளிம்பு டயரை ரிம்மோடு (சக்கரத்தின் வளையத்தோடு) சேர்த்து நசுக்கும். பல வருடம் 27 மி.மீ. ட்யூபுலர்தான் (ட்யூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் ஒட்டும் டயர்) இங்கே ராஜா. இப்போது 32 மி.மீ. ட்யூப்லெஸ் சாதாரணம், காற்றும் ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 45–55 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அளவில் இருக்கும். உள்ளே ட்யூப் இல்லாததால் அது நசுங்கிக் கிழியும் கவலை இல்லை, சின்ன ஓட்டையை உள்ளே ஊற்றிய சீலன்ட் என்ற திரவம் அடைத்துவிடும். ரிம் உடைந்தால் எதுவும் காப்பாற்றாது. ஹேண்டில்பாரில் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றுவார்கள். தண்ணீர் பாட்டில் துள்ளி விழாமலிருக்க அதன் கூட்டுக்குள் சொரசொரப்பான டேப் ஒட்டுவார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், கற்சாலைக்குள் எத்தனையாவது ஆளாக நுழைகிறோம் என்பது. ஆரன்பெர்க் காட்டுக்குள் போகும் கற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுக்கு இன்னும் 95 கி.மீ. இருக்கும்போது வரும், நீளம் சுமார் 2.3 கி.மீ., நேர்கோடு. 25 அணி, அணிக்கு 7 பேர், எல்லோருக்கும் அந்தக் குறுகலான வாசலில் முதலில் நுழைய வேண்டும். முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான். 1998இல் பெல்ஜிய வீரர் யோஹான் மூசேயுவின் முழங்கால் சில்லு உடைந்தது இங்கேதான். 2000இல் திரும்பி வந்து ஜெயித்து, எல்லைக்கோட்டில் அதே காலைத் தூக்கிக் காட்டினார். நுழையும் வேகத்தைக் குறைக்க 2024இல் முன்னாடியே ஒரு வளைவு வைத்தார்கள். கற்களுக்கு நடுவே முளைத்த புல்லை மேய ஆடுகளையும் விட்டார்கள். நம்மூர் ஆட்களுக்கு இந்த யோசனை உடனே தோன்றியிருக்கும்!

பின்தங்கியவருக்குப் பஞ்சர் ஆனால் கதை முடிந்தது. அணியின் கார் நெரிசலில் எங்கோ மாட்டியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கற்சாலையும் முடியும் இடத்தில் அணி ஆட்கள் கையில் சக்கரத்தோடு நிற்கிறார்கள். டிஸ்க் பிரேக் வந்த பிறகு சக்கரம் மாற்ற நேரம் அதிகம் பிடிக்கிறது. கார் பக்கத்தில் இருந்தால் சைக்கிளையே மாற்றிவிடுவது மேல்.

2016இல் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன் ஜெயித்ததைக் குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். ஆறு வாரத்துக்கு முன் கை உடைந்தவர், வயது 37. ஆனால் அது அவருடைய 15ஆவது ரூபே. தொடக்கத்திலேயே பிரிந்து போன கூட்டத்தோடு சேர்ந்துகொண்டதால் பின்னால் நடந்த தள்ளுமுள்ளு எதிலும் அவர் சிக்கவில்லை. கடைசியில் பந்தயம் முடியும் ரூபே வெலோட்ரோமில் (சைக்கிள் மைதானத்தில்) போனனையே ஸ்பிரின்ட்டில், அதாவது இறுதி வேக ஓட்டத்தில், முந்தினார். அதிர்ஷ்டமா அது?

அதிர்ஷ்டமே கிடையாது என்று சாதிக்கவில்லை. 2023இல் முடிவுக்கு அருகே வரும் கார்ஃபூர் டெ லார்ப்ர் என்ற கற்சாலையில், முன்னால் போய்க்கொண்டிருந்த வவுட் வான் ஆர்ட்டுக்குப் பின் டயர் போனது. கெட்ட நேரம்தான். ஆனால் அதுவரை பந்தயத்தின் தலையில் இருந்ததால், அந்தப் பஞ்சருக்குப் பிறகும் அவர் மூன்றாவதாக வந்தார்.