கீழே கிடப்பவனை யார் பார்ப்பது?

பள்ளிகொண்டாவுக்கும் குடியாத்தத்துக்கும் இடையில் ஓர் ஊர். கெங்கையம்மன் திருவிழாவை ஒட்டி இரவுக் கபடி. எங்கள் அணிக்காகப் பாடிப்போன தம்பி ஒருவன் பிடிபட்டுவிட்டான். நடுவர் விசில் ஊதிவிட்டார். எல்லோரும் கையை எடுத்த பிறகு எதிரணி வீரர் ஒருவர் அவன் முழங்காலை ஓங்கி மிதித்தார். எட்டு ஆண்டுகள் ஆகியும் அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

மூட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது. வேனில் ஏற்றும் முன், படுத்துக் கிடந்தவனின் கையை எடுத்து மிதித்தவரின் கையில் வைத்து, "விளையாட்டு என்றால் அடிபடத்தான் செய்யும்" என்று முடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேறோர் ஊரில் ஆடினார். தம்பியின் அம்மா கம்மலை அடகு வைத்து அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்குப் போக நினைத்தவன் அதன்பின் களத்தில் இறங்கவே இல்லை.

அடிபடத்தான் செய்யும் என்பது எனக்கும் தெரியும். கணுக்காலைப் பிடித்து இழுப்பதில் பல் உடைந்தவன் நான், யார்மீதும் வருத்தமில்லை. சட்டமும் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 87-ஆம் பிரிவு வாள் பயிற்சியை எடுத்துக்காட்டாகச் சொன்னது: இருவர் ஒப்புக்கொண்டு விளையாடும்போது, முறைகேடில்லாமல் ஆடியதில் ஒருவருக்குக் காயம் பட்டால் குற்றமில்லை. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. பிடிக்க வருபவருக்குத்தான் தம்பி சம்மதம் கொடுத்தான். விசிலுக்குப் பிறகு மிதிக்க வருபவருக்குக் கொடுக்கவில்லை.

உலக அரங்கிலும் அடிபட்டவனைப் பார்ப்பவர் குறைவு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நடுவரின் முகத்தில் உதைத்த கியூபாவின் டேக்வாண்டோ வீரர் ஏஞ்சல் மாதோஸுக்கு ஆயுள் தடை. 2022-இல் தில்லியில் நடுவரை அடித்த மல்யுத்த வீரர் சதேந்தர் மாலிக்குக்கும் அதே தண்டனை. எதிரணி வீரர்களை மூன்று முறை கடித்த கால்பந்து வீரர் லூயிஸ் சுவாரஸுக்கோ முதலில் 7 ஆட்டம், 2013-இல் 10 ஆட்டம், 2014 உலகக் கோப்பையில் 9 சர்வதேச ஆட்டங்களோடு நான்கு மாதத் தடை. 1997-இல் குத்துச்சண்டை மேடையில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த மைக் டைசன் கட்டிய 30 லட்சம் டாலர் அபராதம் நெவாடா மாநிலத்துக்குப் போனது, காது கிழிந்தவருக்கு அல்ல. நிர்வாகத்தின் அதிகாரத்தைத் தொட்டால் ஆயுள் தடை. ஆடுகிறவனின் உடம்பைத் தொட்டால் ஆட்டக் கணக்கு. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆயுள் தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மிதித்தவருக்கும் அன்று இருபது வயது இருக்கும். அவர் வீட்டிலும் கபடியை நம்பித்தான் இருந்திருப்பார்கள். என் கோரிக்கை வேறு. அடிபட்டவன் களத்துக்குத் திரும்பும் வரை அடித்தவனும் வெளியே உட்கார வேண்டும். மருத்துவச் செலவு அவனுடையது. "ஒரே மிதியில் ஒருவனுக்குக் கால் உடையும், இன்னொருவனுக்கு ஒன்றும் ஆகாதே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான், காயமே படாவிட்டாலும் வேண்டுமென்றே செய்த செயலுக்கு ஒரு பருவம் முழுவதும் தடை என்பது குறைந்தபட்சமாக இருக்க வேண்டும். காயம் பட்டால் அதற்குமேல் கூடும். அவன் திரும்பவே முடியாமல் போனால் எத்தனை ஆண்டு என்பதை வெளியூர் நடுவர்கள் மூவர் முடிவு செய்யட்டும். சொந்த ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம். அந்தக் கைகுலுக்கலை நான் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் போட்டிக்கான குழு அடுத்த மாதம் கூடுகிறது. நுழைவுக் கட்டணத்தோடு ஒவ்வோர் அணியிடமும் ஒரு காப்புத்தொகை வாங்க வேண்டும், அடித்தவரின் பெயரை அன்றிரவே சுற்றுவட்டாரப் போட்டிக் குழுக்கள் அனைத்துக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் போட்டி நடத்துபவர்கள் இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஓர் ஊர் மட்டும் தடை போட்டால், அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வந்து ஆடுவார்.