கேரளத்தில் அடிபட்டால் கேரளத்தில்தான் வழக்கா?

பாம்பன், மண்டபம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. மீன் லாரியில் கேரளம் சென்று விபத்தில் சிக்கும் நம்மவர்கள் அங்கேயே வழக்குத் தொடர வேண்டும் என்றும், அந்த மாநிலச் சட்டப்படி இழப்பீடு குறைவு என்றும் அது சொல்கிறது. இரண்டும் தவறு.

சாலை விபத்து இழப்பீட்டுக்கு அடிப்படையான 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். அதன் 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடம் ஆகியவற்றுள் எந்த எல்லைக்குரிய தீர்ப்பாயத்தை நாடுவது என்பது மனுதாரரின் விருப்பம். ஆகவே கொல்லத்தில் கால் முறிந்த மண்டபத்துக்காரர் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். வருமானம், வயது ஆகியவற்றைக் கொண்டு தொகையைக் கணக்கிடும் முறையையும் உச்ச நீதிமன்றம் 2009, 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் நாடு முழுமைக்கும் பொதுவாக வகுத்துள்ளது. மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுபவை நீதிமன்றக் கட்டணம், படிவம் போன்ற நடைமுறை விதிகளே.

முதல் தகவல் அறிக்கை பெரும்பாலும் விபத்து நடந்த ஊர்க் காவல் நிலையத்தில்தான் பதிவாகும். வதந்தி இதிலிருந்தே கிளம்பியிருக்கலாம். அதன் நகலையும் காயச் சான்றிதழையும் வாங்காமல் ஊர் திரும்புவதுதான் பின்னால் அலைச்சலைத் தருகிறது.

குரல்பதிவு சொல்லாமல் விட்டது காலக்கெடுவை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி மருத்துவமனைக் கட்டிலருகே நீட்டப்படும் முத்திரைத்தாளில், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.